வியத்நாமின் பழஞ்சித்திரங்கள்

ஒரு நாட்டின் பழைய வாழ்வை அறிய விரும்புவோர்க்குப் பலவகைச் சான்றுகள் உதவுகின்றன. கல்வெட்டும் செப்பேடும் அரசர்தம் பெயரையும் ஆட்சியாண்டையும் கூறும். நூல்கள் புலவர்தம் எண்ணங்களை உரைக்கும். ஆனால், ஆற்றுத்துறையில் படகுகள் எவ்வாறு நின்றன, வயலுக்குச் சென்ற பெண் தலையில் என்ன அணிந்திருந்தாள், இளைஞர் மாலைப் பொழுதில் என்ன ஆடி மகிழ்ந்தனர் என்பவற்றைச் சித்திரமே நம் கண்முன் கொணர்ந்து நிறுத்தும். நிழற்படக் கருவி தோன்றாத காலத்தில் ஓவியன் கைக்கோலே மறைந்துபோகும் காட்சிகளுக்கு நிலைத்த வாழ்வு அளித்தது.

ஆயினும், சித்திரம் எப்பொழுதும் உண்மையே கூறும் என்று கொள்ளலாகாது. கண்ணால் காணாத ஒன்றையும் கண்டதுபோல் எழுதிவிடலாம். கேட்டது பாதியும் எண்ணியது பாதியுமாக எழுதிய படமும் கண்ணுக்கு இனியதாகவே இருக்கும். ஆகவே, பழைய படம் ஒன்றைக் காணும் அறிஞர் மூன்று வினாக்களை எழுப்புவர். இதனை எழுதியவர் யார்? எழுதியவர் அவ்விடத்தைத் தம் கண்ணாற் கண்டாரா? அவர் எழுதிய பின்னர் இது யார் யார் கைப்பட்டு நம்மிடம் வந்தது? இம்மூன்று வினாக்களின் பயனை நன்கு உணர்த்துவன, ஐரோப்பியர் வியத்நாமோடு தொடர்புகொள்ளத் தொடங்கிய காலத்தில் எழுந்த சித்திரங்களாகும். அவற்றுள் ஒரு பகுதிக்கு நம் சென்னை நகரோடும் தொடர்பு உண்டு.

நாடும் பெயரும்

வியத்நாம் தென்கிழக்கு ஆசியாவின் கிழக்குக் கரையில், வடக்கே சீனம் தொடங்கித் தெற்கே மேகாங் ஆற்றின் கழிமுகம் வரை நீண்டு கிடக்கும் நாடு. வடக்கில் செவ்வாறும் தெற்கில் மேகாங் ஆறும் அந்நாட்டை நெல் விளையும் பூமி ஆக்குகின்றன. 1010ஆம் ஆண்டில் செவ்வாற்றங்கரையில் தாங்லாங் என்னும் தலைநகர் அமைக்கப்பெற்றது. 'மேலெழும் நாகம்' என்பது அப்பெயரின் பொருள். அந்நகரே இன்று ஹனோய் என வழங்குகிறது.

பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இக்கரையை அடைந்தனர். மலாக்காவில் வாழ்ந்த வணிகர் இந்நாட்டைக் 'குச்சி' என்னும் பெயரால் அழைக்கக் கேட்டனர். மலையாளக் கரையிலுள்ள கொச்சி அவர்களுக்கு முன்னரே பழக்கமான ஊர். இரண்டிற்கும் மயக்கம் நேராதிருக்கவே, சீனத்தை அடுத்த கொச்சி என்னும் பொருள்படக் 'கொச்சின்சீனம்' என்று பெயரிட்டனர் என்பர். 'கிழக்குத் தலைநகர்' என்னும் பொருளுடைய தோங்கிங் என்ற சொல்லிலிருந்து 'டோங்கின்' என்ற மற்றொரு பெயரும் பிறந்தது.

பதினேழாம் நூற்றாண்டில் நாடு ஒன்றாயினும் ஆட்சி இரண்டாகப் பிரிந்து கிடந்தது. லே மரபினர் பெயரளவில் அரசராக வீற்றிருந்தனர். வடக்கில் திரின் குடும்பத்தாரும் தெற்கில் நுயென் குடும்பத்தாரும் உண்மை அதிகாரத்தைக் கைக்கொண்டிருந்தனர். 1627 முதல் 1672 வரை இவ்விரு குடும்பத்தாரும் பன்முறை போரிட்டனர். ஐரோப்பியர் வடபகுதியை டோங்கின் என்றும் தென்பகுதியைக் கொச்சின்சீனம் என்றும் தனித்தனி நாடுகளாகவே குறித்ததற்கு இப்பிரிவே காரணம்.

மணிலாவில் எழுதிய சுவடி

வியத்நாம் மக்களை ஐரோப்பியர்க்குக் காட்டிய மிகப் பழைய சித்திரங்களுள் சில, ஐரோப்பாவிலும் வரையப்படவில்லை, வியத்நாமிலும் வரையப்படவில்லை. பிலிப்பைன்சுத் தீவுகளின் தலைநகராகிய மணிலாவில், 1590ஆம் ஆண்டளவில் அவை எழுதப்பெற்றன. அக்காலத்தில் ஸ்பானியர் அத்தீவுகளை ஆண்டு வந்தனர். சுற்றியுள்ள நாடுகளின் மக்கள் எத்தகையர் என்று அறிய விரும்பிய ஸ்பானிய ஆட்சியாளர் ஒருவர்க்காக இச்சுவடி தொகுக்கப்பெற்றது என்று கருதப்படுகிறது. இதில் ஏறத்தாழ 75 வண்ணப் படங்கள் உள்ளன. எழுத்து ஸ்பானிய மொழியில் அமைந்தது. படங்களோ சீன ஓவிய முறையைத் தழுவியவை. மணிலாவில் வாழ்ந்த சீன ஓவியரே இவற்றை வரைந்திருத்தல் வேண்டும் என்பது ஆராய்ந்தோர் முடிவு.

இச்சுவடியில் ஒவ்வொரு நாட்டிற்கும் ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இணையுருவங்கள் எழுதப்பெற்றுள்ளன. வட வியத்நாம் மக்கள், குவாங்நாம் பகுதியினர், சம்பா நாட்டினர் ஆகியோரும் இவ்வரிசையில் இடம்பெறுகின்றனர். ஆனால், உருவங்களுக்குப் பின்னே வீடு இல்லை, மரம் இல்லை, கடலும் இல்லை. ஓவியர் மக்களைக் காட்டினாரேயன்றி, அவர்தம் மண்ணைக் காட்டவில்லை. மணிலாவிற்குப் பல நாட்டு வணிகர் வந்து சென்றமையால் சிலரை அவர் நேரிற் கண்டிருக்கலாம். சீன நூல்களிலிருந்த படங்களைப் பார்த்தும் வரைந்திருக்கலாம். அதே சுவடியில் உலகில் இல்லாத விந்தை விலங்குகளும் தெய்வ உருவங்களும் காணப்படுகின்றன. எனவே இதனை நம்புவோர் ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியே எடைபோட்டு நம்ப வேண்டும்.

இச்சுவடி நம் காலம் வரை தப்பி வந்ததும் வியப்பிற்குரியது. நெடுங்காலம் இலண்டன் நகரத்து மாளிகை ஒன்றோடு தொடர்புடைய குடும்பத்தாரின் நூல் தொகுதியில் அது இருந்தது. 1940ஆம் ஆண்டில் அம்மாளிகை குண்டுவீச்சால் பாழாயிற்று. சுவடி அழியவில்லை. 1947ஆம் ஆண்டில் ஏலத்திற்கு வந்த அதனை, கீழ்நாட்டு வரலாற்றில் பெரும்புலமை பெற்ற சார்லசு பாக்சர் என்னும் ஆங்கில அறிஞர் வாங்கி, அதன் அருமையை உலகறியச் செய்தார். அவர் பெயராலேயே அது 'பாக்சர் சுவடி' என வழங்குகிறது. இப்பொழுது அது அமெரிக்க நாட்டு இந்தியானாப் பல்கலைக்கழகத்தின் நூலகத்தில் பாதுகாக்கப்பெற்று வருகிறது.

காணாதவர் அச்சிட்ட படங்கள்

பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பயண நூல்களுக்குப் பெரும் வரவேற்பு இருந்தது. யானை மீதேறி வரும் அரசரையும், பொன்வேய்ந்த அரண்மனைகளையும், புதுமையான சடங்குகளையும் பற்றிப் படிக்க மக்கள் பேராவல் கொண்டிருந்தனர். படமுள்ள நூல் மிகுதியாக விலைபோயிற்று. ஆகையால் நூல் வெளியிடுவோர் படங்களை நாடினர். படம் செதுக்குவோரோ பாரிசிலும் ஆம்ஸ்டர்டாமிலும் இலண்டனிலும் தம் தொழிற்கூடங்களை விட்டு அகலாதவர். நூலாசிரியர் எழுதிய சொற்களைக் கேட்டு, எஞ்சியதைத் தம் கற்பனையால் அவர்கள் நிரப்பினர். ஆசிய அரசனின் முகமும் ஐரோப்பிய முகமாயிற்று; ஆசிய மரமும் அவர்தம் தோட்டத்து மரமாயிற்று.

1679ஆம் ஆண்டில் பாரிசில் வெளிவந்த ஒரு நூலில் டோங்கின் நாட்டைப் பற்றிய பகுதி ஒன்று இருந்தது. அதனை எழுதியவர் தவர்னியே என்னும் பிரெஞ்சு வணிகர். அவர் புகழ் பெற்ற பயணி. கோல்கொண்டா நாட்டு வைரச் சுரங்கங்களுக்கு வந்து மணி வாணிகம் செய்தவர். பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயிக்கு அரிய நீல வைரம் ஒன்றை விற்றவர். இந்தியாவையும் பாரசீகத்தையும் பற்றி அவர் எழுதியவை இன்றும் வரலாற்றாசிரியர்க்குப் பயன்படுகின்றன.

ஆனால், டோங்கினில் அவர் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. அவர் தம்பி ஒருவர் அந்நாட்டிற்குப் பன்முறை சென்று வந்தவர். தம்பி கூறியவற்றையும் அவர் விட்டுச் சென்ற குறிப்புகளையும் கொண்டே தவர்னியே எழுதினார். அந்நூலில் நாட்டுப்படமும் வேறு படங்களும் இடம்பெற்றன. டோங்கின் அரசரின் இறுதி ஊர்வலத்தைக் காட்டும் பெரும்படம் படிப்பவர் மனத்தைக் கவர்ந்தது. அச்சிட்ட படம் கண்டோர் அதனை உண்மையென்றே கொண்டனர். நெடுந்தொலைவிலுள்ள நாட்டைப் பற்றிய பொய்யை மறுப்பதற்கு அந்நாட்டார் எவரும் பாரிசில் இல்லை. காணாதவர் எழுதியதே கண்டவர்க்குச் சான்றாக நின்றது.

சென்னைக் கோட்டையில் எழுந்த மறுப்பு

அப்பிழைகளைத் திருத்த ஒருவர் முன்வந்தார். அவர் பெயர் சாமுவேல் பாரன். அவர் தாங்லாங்கிலேயே பிறந்தவர். தந்தையார் டச்சு வணிகக் குழுவைச் சார்ந்தவர். தாயார் டோங்கின் நாட்டுப் பெண்மணி. பாரன் முதலில் டச்சுக் குழுவிலும் பின்னர் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் குழுவிலும் பணிபுரிந்தார். தாய்மொழியும் தாய்நாட்டு வழக்கமும் அவர்க்கு ஏட்டுக் கல்வியால் வந்தவை அல்ல, தாய்மடியில் வந்தவை.

1685ஆம் ஆண்டளவில் பாரன் சென்னைப்பட்டினத்துப் புனித ஜார்ஜ் கோட்டையில் தங்கியிருந்தார். கோட்டை கட்டத் தொடங்கி அப்பொழுது அரை நூற்றாண்டும் ஆகவில்லை. அக்கடற்கரையில் இருந்துகொண்டு அவர் டோங்கின் நாட்டைப் பற்றிய தம் நூலை ஆங்கிலத்தில் எழுதினார். இலண்டனிலிருந்த அரச அறிவியற் கழகத்தைச் சார்ந்த சர் ஜான் ஹாஸ்கின்சு, இராபர்ட் ஹூக் ஆகிய இருவரும் விரும்பிக் கேட்டமையால், தவர்னியே நூலின் தவறுகளைச் சுட்டிக்காட்டவே அவர் முதலில் எண்ணினார். எழுதத் தொடங்கிய பின்னர், பிழையைச் சுட்டுவதோடு நில்லாமல், நாட்டின் உண்மை வரலாற்றையே எழுதுவது நன்று எனத் துணிந்தார்.

இராபர்ட் ஹூக் யார் என்பதை அறிவியல் கற்கும் மாணவர் அறிவர். நுண்ணோக்கியின் வழியே தாம் கண்ட தெள்ளுப்பூச்சியையும் தக்கையின் சிற்றறைகளையும் கண்டவாறே வரைந்து, 1665ஆம் ஆண்டில் பெருநூலாக வெளியிட்டவர் அவர். 'கண்டதையே எழுதுக' என்பது அப்பொழுது வளர்ந்து வந்த அறிவியலின் நெறி. பூச்சியின் காலைக் குறித்து மெய்ம்மை வேண்டியவர்கள், ஒரு நாட்டைக் குறித்தும் மெய்ம்மை வேண்டியதில் வியப்பில்லை.

பாரன் தம் நூலோடு படங்களையும் இணைத்தார். அவற்றைத் தாம் வரையவில்லை. ஐரோப்பியர் எவரும் வரையவும் இல்லை. டோங்கின் நாட்டு உயர்குடியினர் ஒருவர் அந்நாட்டிலேயே வரைந்தவை அவை என்று பாரன் உரைக்கிறார். இவ்வொரு செய்தியே அப்படங்களுக்குத் தனிச்சிறப்பை அளிக்கிறது. தம் ஊரையும் தம் அரசையும் தாமே கண்டு பழகிய ஒருவர், தம் கையால் வரைந்தவற்றை ஐரோப்பியர் காணும் வாய்ப்பு இதனால் உண்டாயிற்று. தவர்னியேயின் நூலுக்குப் பாரன் அளித்த விடைகளுள் எழுத்தினும் இதுவே வலியது எனலாம்.

ஆற்றுத்துறைக் காட்சி

அப்படங்களுள் புகழ் வாய்ந்தது, தலைநகரின் ஆற்றுமுகத் தோற்றமாகும். செவ்வாற்றில் படகுகள் மிதக்கின்றன. கரையில் ஆங்கிலேயர் பண்டகசாலையும் டச்சுக்காரர் பண்டகசாலையும் தோன்றுகின்றன. டச்சுக்காரர் டோங்கினில் 1637 முதல் 1700 வரையிலும், ஆங்கிலேயர் 1672 முதல் 1697 வரையிலும் வாணிகம் நடத்தினர். பட்டே அவர்கள் நாடி வந்த முதற்பொருள். வாணிகம் குன்றியதும் அவர்கள் அகன்றனர். பண்டகசாலைகளும் பின்னர் மறைந்தன. அவர்கள் அங்கே வாழ்ந்த காலத்து நகரின் ஆற்றங்கரையை நமக்குக் காட்டும் படமாக அது நிலைத்துவிட்டது.

அக்காலத்தில் பொதுமக்கள் அந்நகரைக் 'கேசோ' என்று அழைத்தனர். சந்தை என்னும் பொருள் அதில் அடங்கியுள்ளது. பெயருக்கு ஏற்ப அது வாணிக நகராகவே விளங்கிற்று. ஒவ்வொரு பண்டத்திற்கும் தனித்தெரு இருந்தது என்றும், ஒவ்வொரு தெருவிலும் குறிப்பிட்ட சிற்றூரார்க்கே கடை வைக்கும் உரிமை இருந்தது என்றும் பாரன் எழுதுகிறார். இன்றும் ஹனோயின் பழைய பகுதியில் வெள்ளித் தெரு, சர்க்கரைத் தெரு, பாய்த் தெரு என்னும் பொருளுடைய தெருப்பெயர்கள் வழங்கி வருகின்றன. எழுதிய சொல்லும், வரைந்த படமும், நிலத்தில் நிற்கும் தெருவும் ஒன்றுக்கொன்று துணைநிற்கும்பொழுது வரலாற்றாசிரியர் ஐயம் நீங்குகிறார்.

அரசரையும் திரின் குலத் தலைவரையும் காட்டும் படங்களும் அந்நூலில் உள்ளன. 'வுவா' எனப்பட்ட அரசர்க்குப் பெயரும் சிறப்பும் உண்டு. படையும் கருவூலமும் 'சுவா' எனப்பட்ட தலைவர் கையில் இருந்தன. இவ்வேறுபாட்டை உணராத ஐரோப்பியர் பலர் மயங்கினர். அந்நாட்டிற் பிறந்த பாரன் மயங்கவில்லை. இருவர் நிலையையும் தெளிவாக எடுத்துரைத்தார்.

செப்புத் தகட்டின் வழியே

பாரன் எழுதியது உடனே அச்சேறவில்லை. நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, 1732ஆம் ஆண்டில் இலண்டனில் வெளிவந்த பெரும் பயணத் தொகுதி ஒன்றில் அது இடம்பெற்றது. டோங்கின் ஓவியர் வரைந்த படங்கள் அப்பொழுது செப்புத் தகட்டில் செதுக்கப்பட்டன.

இத்தொழில் நடைபெறும் முறையை அறிந்துகொள்ளுதல் நன்று. முதலில் செப்புத் தகட்டை நன்கு தேய்த்து மெருகிடுவர். ஓவியத்தின் கோடுகளை அதன்மேல் படியெடுத்துக் கூரிய உளியால் அகழ்வர். அகழ்ந்த கோடுகளில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை அதன்மேல் வைத்து உருளையால் அழுத்துவர். கோட்டிலுள்ள மை தாளில் ஏறும். தகட்டில் இடப்பக்கம் உள்ளது தாளில் வலப்பக்கமாக மாறும். செதுக்குவோர் இதனை முன்னரே எண்ணித் தலைகீழாகச் செதுக்காவிடின், வலக்கையில் வாளேந்திய வீரன் இடக்கையில் வாளேந்தி நிற்பான். ஆற்றின் மேல்கரை கீழ்கரையாகும்.

இதனினும் நுட்பமான மாற்றம் ஒன்று உண்டு. செதுக்குவோர் தாம் கற்ற முறையிலேயே நிழலிடுவர். முகத்தையும் கை கால்களையும் தாம் பழகிய வடிவிற் காட்டுவர். ஆகவே, டோங்கின் ஓவியர் கோடுகளை இலண்டன் உளியின் வழியே நாம் காண்கிறோம். மூன்றாம் வினாவின் இன்றியமையாமை இங்கே விளங்கும். எழுதியவர் உண்மை கண்டவராக இருப்பினும், இடையே புகுந்த கைகளையும் நாம் கணக்கில் கொள்ளல் வேண்டும்.

துரான் துறையில் மூன்று வாரம்

நூறாண்டு கழிந்த பின்னர், மற்றொரு வகை ஓவியர் வந்தார். அவர் கேட்டு எழுதவில்லை. பிறர் எழுதியதைத் தொகுக்கவும் இல்லை. கரையில் இறங்கித் தம் கண்ணாற் கண்டு வரைந்தார்.

1792ஆம் ஆண்டில் ஆங்கில அரசு சீனப் பேரரசரிடம் ஒரு தூதுக்குழுவை அனுப்பிற்று. அதன் தலைவர் மக்கார்த்தினி பிரபு, 1781 முதல் 1785 வரை சென்னை ஆளுநராக இருந்தவர். குழுவின் ஓவியர் என்னும் பதவி தாமசு ஹிக்கி என்பவர்க்கு அளிக்கப்பெற்றது. பிற்காலத்தில் சென்னையில் வாழ்ந்து 1824இல் அங்கேயே மறைந்த ஹிக்கியும் இவரே. ஆனால், அப்பயணத்தில் ஹிக்கி வரைந்தவை மிகச் சிலவே. வரைவாளராகச் சென்ற வில்லியம் அலெக்சாந்தர் என்னும் இளைஞரே ஓயாது வரைந்தார். அப்பொழுது அவர்க்கு வயது இருபத்தைந்தை ஒட்டியிருந்தது.

கப்பல்கள் 1793ஆம் ஆண்டு மே மாத இறுதியில் துரான் துறையை அடைந்தன. அதுவே இன்றைய தா நாங். மாலுமிகள் பலர் நோயுற்றிருந்தனர். நன்னீரும் புத்துணவும் வேண்டியிருந்தன. ஏறத்தாழ மூன்று வாரம் அங்கே தங்கினர். அலெக்சாந்தர் அந்நாட்களை வீணாக்கவில்லை. படகுகள், போர்வீரர், பெண்டிர், வீடுகள், கல்லறை, நாடகமாடுவோர் எனக் கண்ணிற்பட்டவற்றையெல்லாம் வரைந்தார்.

அவற்றுள் ஒன்று நம் மனத்தைப் பெரிதும் கவர்கிறது. இளைஞர் சிலர் கூடி நின்று இறகுப் பந்து ஆடுகின்றனர். கையில் மட்டை இல்லை. மேலே எழும் பந்தைக் காலால் உதைத்து, தரையில் விழாதவாறு ஒருவர்க்கொருவர் செலுத்துகின்றனர். இவ்விளையாட்டு இன்றும் வியத்நாமில் சிறுவர் முதல் முதியோர் வரை பலராலும் ஆடப்பெற்று வருகிறது. மன்னர் மரபுகள் மாறின. போர்கள் வந்து போயின. பந்து மட்டும் இன்றும் காலிலிருந்து காலுக்குப் பறந்துகொண்டே இருக்கிறது.

அலெக்சாந்தரின் படங்கள் பல, ஜான் பரோ என்னும் தூதுக்குழு உறுப்பினர் 1806ஆம் ஆண்டில் வெளியிட்ட 'கொச்சின்சீனப் பயணம்' என்னும் நூலில் வண்ணப் படங்களாக அச்சாயின. அவர் கைப்பட வரைந்த மூல ஓவியங்கள் பல நூறு இலண்டனில் பாதுகாக்கப்பெற்றுள்ளன. அச்சுப் படத்தையும் மூலத்தையும் அருகருகே வைத்து ஒப்பிட்டுக் காணும் வாய்ப்பு இதனால் நமக்குக் கிட்டியுள்ளது.

இத்தகைய ஓவியரும் ஒருமுறை காணாததை எழுத நேர்ந்தது. தூதுக்குழுவினர் சீனப் பெருஞ்சுவரைக் கடந்து சென்றபொழுது அலெக்சாந்தரைப் பீக்கிங் நகரிலேயே விட்டுச் சென்றனர். குழுவிலிருந்த படைத்தலைவர் ஒருவர் வரைந்து வந்த கோட்டுப்படத்தைக் கொண்டே அவர் பெருஞ்சுவரை எழுதினார். ஆகவே, ஒருவர் எழுதிய படங்களுள்ளும் கண்டது எது, கேட்டது எது எனப் பிரித்துக் காணல் வேண்டும். துரானில் வரைந்த படங்கள் கண்டு வரைந்தவை. அதுவே அவற்றின் மதிப்பு. எனினும், துறைமுகத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் மட்டுமே அவர் கண்டார் என்பதையும் நாம் மறத்தலாகாது. கடற்கரையில் மூன்று வாரம் வாழ்ந்தவர் காட்டுவது நாட்டின் வாயிலையே. வீட்டின் உள்ளறைகளை அன்று.

நிலப்படமும் நாட்டின் காவலும்

சித்திரங்களோடு நிலப்படங்களையும் நாம் எண்ணிப்பார்க்க வேண்டும். வியத்நாமியர் நிலப்படம் எழுதுவதில் முற்காலத்திலேயே தேர்ந்தவர்கள். லே தான் தோங் என்னும் பேரரசர் காலத்தில், 1490ஆம் ஆண்டில், நாடு முழுமைக்கும் படத்தொகுதி ஒன்று எழுதி முடிக்கப்பெற்றது. ஐரோப்பியர் அங்கே வருவதற்கு முன்னரே நிகழ்ந்தது இது. 1651ஆம் ஆண்டில் அலெக்சாந்தர் தெ ரோது என்னும் பாதிரியார் வெளியிட்ட நாட்டுப்படத்தில், வடதிசை வலப்பக்கத்தில் அமைந்திருக்கிறது. கடல் கீழே கிடக்கிறது. மேற்றிசையை மேலே வைத்து எழுதுவது வியத்நாமியரின் பழைய முறைகளுள் ஒன்று. அயல்நாட்டார் எழுதிய படத்திலும் இவ்வாறு அந்நாட்டு முறையின் சாயல் காணப்படுகிறது.

ஆயினும், கரையை அளப்போரை அந்நாட்டார் ஐயத்தோடு நோக்கினர். 1793இல் துரானுக்கு வந்த தலைமைக் கப்பலில் 64 பீரங்கிகள் இருந்தன. நாட்டிலோ உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. அவ்வேளையில் கரையையும் நீரின் ஆழத்தையும் அளக்கப் படகிற் சென்ற கப்பலோர் சிலர் பிடிபட்டுச் சில நாள் கழித்தே விடுவிக்கப்பெற்றனர். ஆங்கிலேயர் இதனைத் தேவையற்ற அச்சம் என எண்ணியிருக்கலாம். ஆனால், 1858ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாளன்று பிரெஞ்சு, ஸ்பானியப் போர்க்கப்பல்கள் தாக்கியது இதே துறைமுகத்தைத்தான். அதன்பின் அந்நாடு படிப்படியாகத் தன் உரிமையை இழந்தது. அளந்து எழுதிய கரை, ஆளவந்தோர்க்கும் வழிகாட்டும் என்பதை அம்மக்கள் முன்னரே உணர்ந்திருந்தனர் போலும்.

இச்சித்திரங்களால் பெறும் பயன்

வெப்பமும் ஈரமும் மிக்க வியத்நாமில் தாளும் பட்டும் நெடுநாள் நில்லா. 1407 முதல் 1427 வரை மிங் மரபினர் ஆண்ட காலத்திலும் பின்னர் நேர்ந்த போர்களிலும் நூல்களும் ஓவியங்களும் பெரிதும் அழிந்தன. எஞ்சியவற்றுள் ஊர்ப் பொதுமண்டபங்களின் மரச்சிற்பங்கள் சிறந்தவை. உழவர் உழுதலும், படகு செலுத்துதலும், மற்போர் புரிதலும் அவற்றில் உயிரோடு விளங்குகின்றன. வரலாற்றாசிரியர் அயலார் படங்களை இச்சிற்பங்களோடு ஒப்பிட்டு, ஒத்தவற்றைக் கொண்டு ஒவ்வாதவற்றை ஆராய்கின்றனர்.

ஓர் எடுத்துக்காட்டினை நோக்குவோம். 1744ஆம் ஆண்டில் தென்பகுதியை ஆண்ட நுயென் புக் குவாத் என்பவர், தம் குடிமக்கள் அணியவேண்டிய உடையை ஆணையிட்டு மாற்றினார். இன்று வியத்நாமியப் பெண்டிர் அணியும் அழகிய நெடுஞ்சட்டைக்கு வழிவகுத்தது அம்மாற்றமே. 1828ஆம் ஆண்டில் மின் மாங் பேரரசர், வடபகுதிப் பெண்டிர் பாவாடையை விடுத்துக் காற்சட்டை அணியுமாறு கட்டளையிட்டார். இவ்விரு ஆணைகளுக்கும் முன்னர் மக்கள் எவ்வாறு உடுத்தனர்? இவ்வினாவிற்கு விடை தேடுவோர் பாக்சர் சுவடியின் இணையுருவங்களையும் பாரன் நூலின் படங்களையும் நாடுகின்றனர். அயலார்க்காக எழுதிய படங்கள், அந்நாட்டார்க்கே தம் முன்னோரின் தோற்றத்தை நினைவூட்டுகின்றன.

இதுகாறும் கண்டவற்றால் ஓர் உண்மை தெளிவாகிறது. பாக்சர் சுவடியின் ஓவியர் மக்களை எழுதினார், மண்ணை எழுதவில்லை. தவர்னியே கேட்டதை வெளியிட்டார். பாரன், அந்நாட்டார் ஒருவர் தம் நாட்டைக் கண்டெழுதிய படத்தை உலகிற்கு அளித்தார். அலெக்சாந்தர் தாம் கண்ட சிறு பகுதியைக் கண்டவாறே எழுதினார். நால்வகைப் படங்களும் ஒரே நாட்டைக் காட்டுவன. ஆயினும் நான்கின் தகுதியும் ஒன்றன்று.

ஒரு நாட்டின் உருவத்தைப் பிறர் எழுதும்பொழுது, அந்நாட்டாரின் குரலும் அதில் கலந்து ஒலித்தல் வேண்டும். இல்லையேல், தவறான படமே நிலைத்து, உண்மை மறைந்து போகும். தாய்நாட்டைப் பற்றிய பொய் பொறாது, அயல்நாட்டுக் கோட்டை ஒன்றில் அமர்ந்து எழுதுகோல் எடுத்த பாரனும், அவர்க்குப் படம் வரைந்தளித்த டோங்கின் நாட்டுப் பெருமகனும் நமக்கு உணர்த்துவது இதுவே. இன்று படங்கள் முன்னெக்காலத்தினும் மிகுதியாக நம் கண்முன் வந்து குவிகின்றன. அவை ஒவ்வொன்றையும் காணும்போது, எழுதியவர் யார், அவர் கண்டவரா, இடையே புகுந்தவர் எவர் என்று வினவிப் பழகுவோமாக. கண்டதைக் கண்டவாறு எழுதுதல் ஓவியர் கடன். எழுதியதை ஆராய்ந்து கொள்ளுதல் காண்போர் கடன்.